ஆலாத்தி நிறத்தில் ஒரு கிணறு

வாளி மேலே வந்தபோது அதில் செம்பருத்திப் பூவைக் கசக்கிப் போட்டது போன்ற தண்ணீர் தளும்பியது. எதிரில் நிற்கும் ஆளே தெரியாத பீர்மேட்டு மூடுபனியில் அந்த நிறம் மட்டும் அப்படி ஜொலித்ததைக் கண்டு நான் துள்ளிக் குதித்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அப்போது 'வயித்தாலப் போக்கு' பரவியிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை செத்துப் பிழைத்திருந்த என் தம்பி முத்துவின் வயிற்றில் மறுபடி ஓடைத் தண்ணீர் போனால் பிள்ளை தங்காது என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவரே வந்து, ஒரு கறுப்புப் பொடியை வாளியில் கரைத்துக் கிணற்றில் ஊற்றி, இரவு முழுக்க யாரும் இறைக்கக் கூடாது, காலையில் இலேசாக நிறம் நின்றால் பயமில்லாமல் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மனிதருக்குக் கை தாராளம் போலிருக்கிறது, நன்றாகவே சிவந்துவிட்டது.

பெண்களெல்லாம் பின்வாங்கினார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, திருஷ்டி சுற்றி முச்சந்தியில் கொட்டுகிற 'ஆலாத்தி'க்கும் அதே நிறம்தான். மிதிக்கவே கூசுகிற தண்ணீரை யார் குடிப்பார்கள்? குடங்கள் ஓடைப் பக்கம் திரும்பின. உள்ளே முத்து தண்ணீர் கேட்டு அனத்திக்கொண்டிருந்தான்.

அம்மா கோபக்காரி. திருஷ்டி என்றால் கழித்துவிட வேண்டியதுதானே என்று விறுவிறுவென்று வீட்டுக்குள் போய் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். வாளித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, பழத்தால் குடத்தைச் சுற்றிக் காட்டி, அதை அறுத்துக் குடத்துக்குள்ளேயே பிழிந்தாள். அடடா, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மங்கிப் பழுப்பாகி, பழுப்பும் போய், தண்ணீர் தண்ணீராகவே தெளிந்துவிட்டது!

"போயிருச்சுல்லா திஷ்டி? இனி எவ ஓடைக்குப் போறான்னு பாக்கேன்" என்று சொல்லி, தான் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முத்துவின் வாயில் செம்பை வைத்தாள். அவன் குடித்தான். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, தட்டினேன்.

அதற்கப்புறம் லயத்தில் ஒரு எலுமிச்சம்பழம் மிச்சமில்லை. மருந்து இரவே தன் வேலையை முடித்திருந்தது, புளிப்பு அதன் நிறத்தைத்தான் எடுத்தது என்று கம்பவுண்டர் என்னிடம் சொன்னது நான் வளர்ந்த பிறகு. அன்றைக்குக் கிணற்றைப் பார்க்க வந்து, நடந்ததைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போனவர், அடுத்த முறை மருந்துப் பெட்டியோடு ஒரு பை எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார்.

இன்று அந்தக் கிணறு இல்லை, லயமும் இல்லை. குழாயில் குளோரின் தண்ணீர் வருகிறது. அளந்து கலந்து, சோதித்துப் பார்த்துத்தான் விடுகிறார்களாம். நிறம் இல்லை, வாடை உண்டு. தலை நரைத்த முத்து என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூக்கைச் சுளித்து, "யக்கா, ஒரு எலுமிச்சம்பழம் இருந்தாப் பிழியேன்" என்பான். பிழிந்து கொடுக்கிறேன். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கையில் எனக்கு இன்னும் கைதட்டத்தான் தோன்றுகிறது.