அண்ணனூரில் அளந்த மூச்சு

வியாழன், காலை ஆறே முக்கால்

அண்ணனூர் நிலையத்தில் இறங்கியபோது என் கையில் இரண்டு கிலோ சாத்தூர் காராச்சேவும், இடுப்பில் இரவு ரயில் தந்த வலியும் இருந்தன. சாத்தூரிலிருந்து எழும்பூர் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அங்கிருந்து சென்ட்ரலுக்கு வந்து புறநகர் மின்ரயிலில் மேற்கே முக்கால் மணி நேரம். சென்னைக்குப் போகிறேன் என்று ஊரில் சொன்னால் எல்லோரும் கடற்கரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் வந்திருப்பது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளரும் சென்னைக்கு. ஓடிக் களைத்த மின்ரயில்களைக் கழுவிப் பழுது பார்க்கும் பணிமனைதான் இந்த ஊரின் அடையாளம்.

என் தங்கை தமிழரசி இங்கே வாழ்க்கைப்பட்டு ஆறு வருடமாகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகள் ஒரு நாளில் எவ்வளவு புகையும் தூசியும் சுவாசிக்கிறார்கள் என்று அளக்கும் ஆய்வு ஒன்றுக்கு அவள் பெயர் கொடுத்திருந்தாள். போனில் இதைக் கேட்டதுமே, நான் வேலை பார்க்கும் கூட்டுறவு பண்டகசாலையில் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்யாணம், காதுகுத்து என்று எத்தனையோ காரணங்களுக்கு ரயில் ஏறியிருக்கிறேன். மூச்சை அளப்பதைப் பார்க்க ஏறியது இதுதான் முதல் தடவை.

அவள் பெயர் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. மூத்தவள் யாழினிக்கு நான்கு வயது. பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், எங்கள் பக்கம், மாப்பிள்ளை பக்கம் என்று பாகுபாடில்லாமல், ஒன்றையே சொன்னார்கள்: “தாய்க்காரி ஒழுங்காச் சாப்பிடல.” அரசி சாப்பிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பிட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள், நம்புவதற்குத்தான் ஆள் இல்லை. இந்த முறை, என்ன தின்றோம் என்பதைப்போலவே என்ன மூச்சை உள்ளே இழுத்தோம் என்பதும் தெரிந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

காலை எட்டரை

ஆய்வுக் குழுவிலிருந்து கீதா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். பள்ளிக்கூடப் பை அளவில் ஒரு பையை அரசியின் தோளில் மாட்டினாள். உள்ளே ஒரு சின்னப் பம்பு, ‘உய்ங்’ என்று விடாமல் முனகுகிறது. அதிலிருந்து ஒரு குழாய் தோள்மேல் ஏறிக் கழுத்தருகே நிற்கிறது. அதன் நுனியில் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஒரு சிமிழ், அதற்குள் வட்டமான வெள்ளை வடிதாள். அரசியின் மூக்கருகே இருக்கும் காற்றைப் பம்பு இழுக்கும், தூசி வடிதாளில் தங்கும், அதை ஆய்வகத்தில் எடை போடுவார்கள். விஷயம் அவ்வளவுதான்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணுதான். எப்பவும் போல இருங்க,” என்றாள் கீதா. “போற எடத்துக்குப் போங்க, செய்ற வேலையச் செய்ங்க. குளிக்கிறப்ப, படுக்கிறப்ப மட்டும் கழட்டி, கை எட்டுற தூரத்துல வச்சுக்குங்க. நாளைக்கு இதே நேரத்துக்கு வந்து எடுத்துக்கறேன்.”

“யாழினி ஏன் எடை கம்மியாப் பொறந்தான்னு இது சொல்லுமா?” என்று அரசி கேட்டாள்.

“சொல்லாதுக்கா. எவ்ளோ இழுத்தீங்கன்னுதான் சொல்லும். ஏன்னு சொல்றதுக்கு இன்னும் நெறைய பேரப் பாக்கணும்.”

மழுப்பாமல் சொன்ன அந்தப் பெண்ணை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

அரசியின் மாமியார் கன்னியம்மாதான் இந்த வீட்டுக்கு ராணி. பாரிவாக்கத்துப் பக்கம் வயல் வேலை செய்து, பிறகு ஒரு கம்பெனி கேன்டீனில் இருபது வருடம் இட்லி ஊற்றியவர். கீதா சொன்னதைக் காது கொடுத்துத்தான் கேட்டார், ஆனால் அவள் வருவதற்கு முன்பே அதற்கு நேர்மாறாக எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். கொல்லையில் வெந்நீர் போடும் விறகடுப்பின்மேல் கோணியைப் போட்டு மூடியாயிற்று. கொசுவத்திச் சுருள் அலமாரிக்கு மேலே போய்விட்டது. சாமி படத்துக்கு ஊதுபத்தி இல்லை. மூலையில் குப்பை கொளுத்தும் இடம்கூடப் பெருக்கித் தண்ணீர் தெளித்துச் சுத்தமாக இருந்தது. கோலம் போடாததுதான் பாக்கி.

“இன்னா அத்தை இது?” என்றேன், அவர் பாஷையிலேயே.

“பின்ன இன்னாம்மா? வந்துகினு மிஷின வெச்சு அளக்கறாங்கோ. நம்ம ஊட்டுக் காத்து கெட்ட காத்துன்னு எழுதிக்கினு போனா யாருக்கு அசிங்கம்?”

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை ஒழுங்குபடுத்துவதுபோல் அளவுப் பைக்கு வீட்டை ஒழுங்குபடுத்தியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அரசிக்கு வரவில்லை.

காலை ஒன்பதரை

அண்ணனூரிலிருந்து பட்டரவாக்கத்துக்கு மின்ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய், நடுவில் திருமுல்லைவாயலும் அம்பத்தூரும். ஐந்து ரூபாய்க்கு எங்கள் ஊரில் இப்போது ஒரு வடைகூட வராது. பெட்டியில் இருந்த பெண்கள் முனகும் பையைப் பார்த்து முதலில் நகர்ந்து உட்கார்ந்தார்கள், விவரம் தெரிந்ததும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒரு அம்மாள் அந்தக் குழாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் ஊதியே பார்த்துவிட்டார்.

பட்டரவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

“இன்னாக்கா பையில? சத்தம் வந்துகினே கீது?”

“காத்த அளக்குற மிஷின்ணா.”

“அட! ஓசியில கீற காத்தயும் அளக்க ஆரம்பிச்சுட்டாங்களா? நாளிக்கு மீட்டர் போட்டு துட்டு கேப்பாங்க பாரு.” கொஞ்ச தூரம் போனதும் குரல் மாறியது. “நல்லா அளக்கச் சொல்லுக்கா. நான் பதினாலு வருஷமா இந்த ரோட்டுலதான் கீறேன். எம் மூச்ச ஒருத்தனும் கேட்டதில்ல.”

தொழிற்பேட்டைச் சாலையில் லாரி ஒன்று முன்னால் போனால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியாது. இரும்பு அறுக்கும் வாடை, பெயின்ட் வாடை, டீசல் வாடை என்று தெருவுக்கு ஒரு வாடை. துப்பட்டாவால் மூக்கை மூடப்போன அரசி, “தினம் மூடுறதில்ல, இன்னைக்கு மட்டும் எதுக்கு?” என்று கையை இறக்கிக்கொண்டாள். அவள் கம்பெனிக்குள் போனாள். நான் வாசலில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு, நிழல் தேடி உட்கார்ந்தேன். மதியத்துக்குள் என் வெள்ளைக் கைக்குட்டை எந்த நிறத்துக்குப் போயிற்று என்று சொல்ல மாட்டேன்.

மதியம் இரண்டு

அரை நாள் விடுப்பு, மாதாந்திரப் பரிசோதனை நாள். ரயிலில் ஆவடிக்குத் திரும்பி, அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து. சுமார் பத்து கிலோமீட்டர், சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பருத்திப்பட்டு தாண்டிப் பாரிவாக்கம் வந்ததும் அரசி ஜன்னல் வழியே கையைக் காட்டினாள். “அத்தை நாத்து நட்ட எடம் இதுதானாம்க்கா.” அங்கே மனை விற்கும் பலகை ஒன்று, ‘சுத்தமான காற்றோட்டம்’ என்று வாக்குறுதி தந்துகொண்டிருந்தது. அந்தப் பலகையிலேயே ஒரு விரல் கனத்துக்குப் புழுதி.

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு அடியில் நாலா பக்கமும் வண்டிகள். பரிசோதனை முடிந்தது, குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள். கால் வீங்கி, தோளில் பட்டை பதிந்து, மாலை ஐந்தரைக்கு அரசி வீடு வந்தாள். குளித்துச் சாப்பிட்டாள். பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

வெள்ளி, காலை

“அக்கா, பை எங்க?”

அரசியின் குரலில் வீடே எழுந்துவிட்டது. தலைமாட்டில் பை இல்லை. ஆனால் ‘உய்ங்’ சத்தம் எங்கிருந்தோ மெல்லியதாக வந்தது. சத்தத்தைத் தொடர்ந்து போனால், இரும்பு பீரோ. கன்னியம்மா முந்தானையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். பட்டுப்புடவைகளுக்கும் நகைப் பெட்டிக்கும் நடுவில், அந்துருண்டை வாசனையில், அளவுப் பை பத்திரமாக முனகிக்கொண்டிருந்தது.

“வெல ஒசந்த பொருளாச்சே. கதவு தொறந்து கீது, எவனாச்சும் தூக்கிகினு பூட்டான்னா? அதான் நீ தூங்கினதும் எடுத்து வெச்சேன்,” என்றார் அப்பாவியாக.

ஏறக்குறைய பாதி நாள் அந்தப் பை சுவாசித்தது பீரோவை. அரசி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவன் முரளி நல்ல பையன், ஆனால் சமாதானப் பிரியன். “உடு அரசி. பீரோல இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியப்போவுது? குடுத்து அனுப்பிடு. மறுபடி இந்தச் சொமையத் தூக்கிகினு அலையாத,” என்றான்.

நானும் அதையேதான் நினைத்தேன். அவள் காலைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கீதா வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அரசி சொல்லிவிட்டாள். “நேத்து அளந்தது செல்லாதுங்க. பை ராத்திரி பூரா பீரோவுல இருந்துச்சு. புது வடிதாள் வச்சிருக்கீங்களா?”

“இருக்குக்கா. ஆனா உங்களுக்கு ரெஸ்ட் வேணாமா? அடுத்த வாரம் வச்சுக்கலாம்.”

“இன்னைக்கே மாட்டுங்க.”

கன்னியம்மா குறுக்கே வந்தார். “வாயும் வயிறுமா கீற பொண்ணு, இன்னாத்துக்கு இந்தப் பிடிவாதம்? இன்னிக்கு வெள்ளிக்கெழம வேற. தலைக்கு ஊத்தி சாம்பிராணி போடணும், அடுப்பு மூட்டணும். ஊடெல்லாம் பொகையா கெடக்கும், மானம் போவும்.”

“அதுக்குத்தான் அத்தை இன்னைக்கே கேக்குறேன்.” அரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “யாழினி பொறந்தப்ப நான் சாப்பிடலன்னு சொன்னாங்க. நான் சாப்பிட்டேன் அத்தை. என்ன மூச்சு உட்டேன்னு மட்டும் எனக்கே தெரியாது. இந்தப் புள்ள விஷயத்துலயாவது அது தெரியட்டும். அடுப்ப மூட்டுங்க. எப்பவும் போல.”

என் தங்கை சின்ன வயதில் பல்லிக்குப் பயந்து என் முதுகில் ஏறுவாள். அவளா இவள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கொல்லைக்குப் போனார். கோணியை இழுத்துப் போட்டார். சிறிது நேரத்தில் விறகுப் புகை அடுக்களை வழியாக வீட்டுக்குள் வந்தது. அரசி தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சாம்பிராணித் தட்டைக் கன்னியம்மாவே எடுத்து வந்து அவள் கூந்தலுக்கடியில் காட்டினார், பை பக்கத்திலேயே இருந்தது. பிறகு ரயில், ஷேர் ஆட்டோ, கம்பெனி. மாலையில் குப்பை கொளுத்தினார்கள், விளக்கு வைத்ததும் சுருள் ஏற்றினார்கள். கன்னியம்மா பீரோ சாவியை என்னிடம் கொடுத்து, “நீயே வெச்சிக்கோம்மா, என்ன நம்பாத,” என்றார்.

சனி, காலை

கீதா பம்பை நிறுத்தியதும் வீடு திடீரென்று அமைதியாயிற்று. சிமிழைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை வடிதாள் சாம்பல் நிறத்தில் இருந்தது, நடுவில் இன்னும் கருப்பாக.

கன்னியம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “இது இன்னாது?”

“இவங்க ஒரு நாள் மூச்சும்மா,” என்றாள் கீதா. “வீடு, ரோடு, ரயிலு எல்லாம் சேந்தது.”

“ஒரு நாளா?”

“ஒரே நாள்.”

அவர் திரும்பிக் கொல்லை அடுப்பைப் பார்த்தார். கணக்கு ஆய்வகத்திலிருந்து வர இன்னும் நாளாகும் என்று சொல்லிக் கீதா கிளம்பினாள்.

நான் மதியமே கிளம்ப வேண்டும். எங்கள் சாத்தூரைச் சுற்றித் தீப்பெட்டித் தொழிற்சாலைகள், எங்கள் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸ்கள். தீக்குச்சி மருந்து வாடையிலேயே வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டும் பெண்கள் உண்டு. இருந்தும் “எங்க ஊருக் காத்து தங்கமான காத்து, மெட்ராசு மாதிரியா?” என்று நான் அரசியிடம் எத்தனையோ முறை பீற்றியிருக்கிறேன். எங்கள் ஊர்க் காற்றை யார் வடிதாள் வைத்துப் பார்த்தார்கள்? புகை நடுவில் இருக்கிற இந்த ஊருக்கு, அதை அளந்து பார்க்கும் தைரியமாவது இருக்கிறது. அரசியிடமிருந்து கீதாவின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அண்ணனூர் நடைமேடைக்கு அரசியும் கன்னியம்மாவும் வந்தார்கள். ரயில் வர நேரமிருந்தது. பக்கத்து பெஞ்சில், தெருக்காரப் பெண் ஒருத்தி அரசியின் வயிற்றைப் பார்த்துவிட்டு வழக்கமான பேச்சை ஆரம்பித்தாள். “இந்த வாட்டியாச்சும் நல்லாச் சாப்புடு கண்ணு. மொதப் புள்ளைக்கி நீ சாப்புடாமத்தான...”

“யாரு சொன்னது?” கன்னியம்மா எழுந்தே விட்டார். குரல் எதிர் நடைமேடைவரை கேட்டிருக்கும். “எம் மருமவ சாப்ட்டுது. மூணு வேளயும் நான்தான் போட்டேன், எங் கண்ணால பார்த்தேன். பொகைய துண்ணவச்சது நாம. இனிமே எவளாச்சும் அது சாப்புடலன்னு சொன்னீங்க, நடக்கறதே வேற.”

அரசி அவரைப் பார்த்தாள். நான்கு வருடமாக அவள் எதிர்பார்த்துக் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். கண்ணீரைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ரயில் வந்து நின்றது. ஏறிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மாமியார் முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.