டேஷ்போர்டில் இரண்டு ஓட்டைகள்

நான் பயந்தாங்கொள்ளி. இதை என் மனைவி கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அந்தக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போன காலையில் எனக்கு வந்த பயம் வேறு ரகம்.

கார் என்னுடையது இல்லை. ஆபீஸ் மூலமாக லீஸுக்கு எடுத்தது. வேலையை விட்டால் வாங்கியது போலவே அப்படியே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால்தான் ரிலீவிங் லெட்டர். அந்த லெட்டர் இருந்தால்தான் புதுக் கம்பெனியில் உள்ளே விடுவார்கள். பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தாகிவிட்டது, புது இடத்தில் திங்கட்கிழமை சேர வேண்டும். நடுவில் நிற்பது இந்த வண்டி. வண்டியில் எந்த மாற்றமும் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். செய்யாத மாற்றம் எதுவென்று கேட்டால் சொல்வது சுலபம்.

பின் கண்ணாடியில் பெரிய வேல். கதவோரம் வெள்ளிப் பட்டை. சக்கரத்துக்குச் சிவப்பு மூடி. எல்லாம் ஈஜிபுரா ஸ்டிக்கர் கடையின் உபயம். மூடிகளைக் கழற்றி, மற்றதையெல்லாம் ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்து, பசையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டோம். என்ன செய்தும் போகாதது டேஷ்போர்டில் இருந்த இரண்டு ஓட்டைகள்.

அது முருகன் விவகாரம். வண்டி வந்த புதிதில் ஒரு சின்னப் பித்தளை முருகனை டேஷ்போர்டில் ஒட்டினோம். நடுவில் ஸ்க்ரீன் இருந்ததால் இடதுபக்கம், மனைவி உட்காரும் இடத்துக்கு நேராக. உட்கார்ந்தபடியே அவள் பூ வைக்கலாம். ஒருநாள் ஓசூர் ரோட்டில் பிரேக் போட்டேன். வெயிலில் இளகிக் கிடந்த பசை விட்டு, முருகன் அவள் மடியில் விழுந்தார். அதோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. சாமி விழுந்த வண்டியில் குழந்தையை எப்படி ஏற்றுவது என்று ஒரே புலம்பல். அவள் தம்பி பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் டிரில்லிங் மெஷின் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்து, அளவெடுத்து, இரண்டு ஓட்டை போட்டு, ஸ்டீல் ஸ்க்ரூவால் சாமியை இறுக்கினான். வேலை என்றால் வேலை, அப்படியொரு சுத்தம்.

"இனிமே லாரியே மோதினாலும் சாமி அசையமாட்டாரு மாமா" என்றான்.

நாங்கள் எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுபடி வண்டி ஏறினோம்.

திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின நாள் அவனே வந்து முருகனைக் கழற்றி, ஓட்டைகளில் கறுப்பு மெழுகை அடைத்துத் தேய்த்துக் கொடுத்தான். வெளிச்சம் பட்டால் தெரியும், நிழலில் தெரியாது. வண்டியை ஒப்படைக்கும் லீஸ் கம்பெனி யார்டில் ஒரு மரம்தான் இருந்தது. அதற்கடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல நின்றேன்.

வண்டியைச் சோதிக்க வந்தவர் கன்னடத்தில் ஆரம்பித்தார். என் கன்னடத்தைக் கேட்டதும் பாவப்பட்டுத் தமிழுக்கு மாறினார். கோலார் தங்கவயல்காரராம். பெயின்ட்டைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். வேல் இருந்த இடம் மட்டும் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கை டேஷ்போர்டின் மேல் போயிற்று. நின்றது. நகத்தால் மெழுகைச் சுரண்டினார். தொலைந்தோம் என்று நினைத்தேன். பழைய வேலையும் இல்லை, புது வேலையும் இல்லை.

"இங்க என்ன சார் இருந்துச்சு?"

"சாமி" என்றேன்.

"இந்த சீட்டுல யாரு உக்காருவாங்க?"

மனைவி என்றேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு என்றும் சேர்த்துச் சொன்னேன். குழந்தையைச் சொன்னால் மனுஷன் இரக்கப்படுவார் என்று ஒரு அற்ப ஆசை.

அவர் இரக்கப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"இந்த மூடிக்கு அடியிலதான் சார் ஏர்பேக் இருக்குது. எதுலயாவது மோதியிருந்தா இதைக் கிழிச்சிக்கினு வெளிய வரும். பித்தளை, ஸ்க்ரூ எல்லாம் நேரா அவங்க மூஞ்சிக்குத்தான் போயிருக்கும். அதுக்கு முன்னாடி மடியில குழந்தை வேற."

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. டேஷ்போர்டு மாற்றும் செலவைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், மற்றபடி தடை எதுவும் இல்லை, இன்றைக்கே ஆபீஸுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். கையெழுத்து எங்கே போட்டேன் என்றுகூட நினைவில்லை. மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். ஈர ரோட்டில் சக்கரம் வழுக்கி, ஒரு பஸ்ஸின் முதுகுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. மகள் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் முதலில் பார்த்தது முருகனைத்தான். இம்மிகூட அசையவில்லை. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் வீட்டுக்கு வந்ததும் மச்சினனைக் கூப்பிட்டு, உன் கைக்குத் தங்க மோதிரம்தான் போட வேண்டும் என்று பாராட்டினேன்.

போன் அடித்தது. மனைவிதான். வண்டியை வாங்கிக்கொண்டார்களா என்று கேட்டாள். வாங்கிவிட்டார்கள் என்றேன். லெட்டர் வந்துவிடுமா என்று கேட்டாள். வந்துவிடும், திங்கட்கிழமை சேர்ந்துவிடலாம் என்றேன். பின்னால் மகள் எதற்கோ கெக்கெக்கே என்று சிரிப்பது கேட்டது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே, அப்புறம் எதுக்குங்க அழுறீங்க?" என்றாள்.