அண்ணன் காணாமற்போன பாடம்

எங்கள் வீட்டில் எதுவும் சும்மா நடக்காது. பால் பொங்கி வழிந்தால் அதில் ஒரு பாடம், விளக்குத் திரி கருகினால் அதில் ஒரு பாடம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பகலெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கும் பூகோளமும் சொல்லிக் கொடுத்துவிட்டு, விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபத்தில் அம்மாவையும் அண்ணனையும் என்னையும் பாயில் உட்காரவைத்து, அன்றைக்கு வீட்டில் நடந்ததை வைத்தே வேதம் சொல்லித் தருவார். வேதக்கோயில் பிரசங்கத்தில் தூங்கி வழிகிற நான் அப்பாவின் பிரசங்கத்தில் ஒரு நாளும் தூங்கியதில்லை. அந்த மட்டுக்கு அவர் கெட்டிக்காரர்தான்.

ஆனால் தானாக நடக்கிற காரியங்கள் அவருக்குப் போதவில்லை. எனக்கு எட்டு வயதில் அது தெரிந்துபோயிற்று. ஒரு நாள் அம்மாவின் கருப்புக் கோழியைக் காணவில்லை. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி ரோட்டோரம் எங்கள் வீடு. சுற்றிலும் சோளக்காடும் கருவேல முள்ளும்தான். உச்சி வெயிலில் நான் முள் மிதித்துக்கொண்டு, அழுதுகொண்டே தேடினேன். பொழுது சாயும்போது அப்பா கோழியை இடுக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். அன்றைய ஜெபத்தில் காணாமற்போன ஆட்டின் கதை. கோழியை மடியில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை வந்து அம்மாவிடம், "ஒங்க கோழி நேத்துப் பூராம் எங்க பஞ்சாரக் கூடைக்குள்ளதான் கெடந்துச்சு. வாத்தியாரய்யாதான் கொண்டாந்து கவுத்துட்டுப் போனாரு" என்று சொன்னாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பகல் முழுக்க நான் அழுத அழுகைக்கு யார் ஜவாப்தாரி?

அன்றிலிருந்து சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. குழம்பில் உப்பில்லை என்றால் அம்மாவைப் பார்க்க மாட்டேன், அப்பாவைத்தான் பார்ப்பேன். நினைத்தது சரியாக இருக்கும். சாயங்காலம் உப்பைப் பற்றித்தான் பாடம். மழையில் கூரை ஒழுகினால், ஓடுகளை யார் நகர்த்தியது என்று அண்ணாந்து பார்ப்பேன். அம்மா காய்ச்சலில் படுத்தபோதுகூட, சுடுகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கவலைப்பட்டேன். நல்ல பிள்ளை என்று அம்மா என்னைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு என் வண்டவாளம் தெரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அண்ணனுக்குப் பதினெட்டு வயது. அவனை வாத்தியார் டிரெயினிங்கில் சேர்க்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அவனுக்கு அதில் இஷ்டமில்லை. ஒரு வாரமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அப்புறம் ஒரு நாள் ஜெபத்தில், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய குமாரனின் கதையை அப்பா வாசித்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வாசித்தார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த காட்சி எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நினைத்தபடியே ஆயிற்று. மறுநாள் நான் பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தான். அம்மா கிணற்றுக்குப் போயிருந்தாள். அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. அண்ணன் இரண்டு சட்டையையும் ஒரு வேட்டியையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா, நான் பட்டாளத்துக்குப் போறேன். ஏழு மணிக்கு ரயிலு. அப்பாட்ட சொல்லிராத" என்றான்.

"அப்பாதான ஒன்னைய இப்பிடிச் சொல்லச் சொன்னாரு?" என்றேன்.

அவன் ஒன்றும் விளங்காதவன்போல் என்னைப் பார்த்தான். நன்றாகத்தான் நடிக்கிறான் என்று நினைத்தேன். என் தலையைத் தொட்டுவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கி, மதுரைப் பக்கம் நடந்தான். அவன் எந்தப் பஞ்சாரத்தில் போய் உட்காரப் போகிறானோ என்று எண்ணியபடி நான் தட்டாங்கல் ஆடப் போய்விட்டேன்.

இருட்டத் தொடங்கியதும் தேடல் ஆரம்பித்தது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணனின் சிநேகிதர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள், அப்புறம் அழுதாள். இந்தத் தடவை நான் ஏமாறுவதாக இல்லை. கோழிக்கு அழுதது போதும் என்று வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா வெறும் கையோடு திரும்பியபோது எட்டு மணி இருக்கும். பாயை விரித்து வேதபுத்தகத்தைத் திறந்தார். ஒரு வரியும் வாசிக்கவில்லை. மூடி வைத்துவிட்டு முழங்கால் போட்டார். ஜெபமும் வரவில்லை.

எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? எனக்குப் பசி வேறு.

"போதும்ப்பா, அண்ணன வரச் சொல்லுங்க. பட்டாளத்துக்குப் போறேன், ஏழு மணி ரயிலுன்னு நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் அவன் எங்கிட்ட சரியாச் சொல்லிட்டான்."

அப்பா எழுந்தார். செருப்பைக்கூடத் தேடவில்லை. சைக்கிளையும் மறந்துவிட்டு, மதுரை ஸ்டேஷன் பக்கம் இருட்டில் ஓடினார். ஏழு மணி ரயில் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். அப்படியும் ஓடினார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில்தான், இது பாடமில்லை என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது.

என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அண்ணனிடமிருந்து அம்மா பெயருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. மூன்றாவதாக வந்தது சர்க்கார் காகிதம். அண்ணன் இறந்த இடமென்று பர்மா எல்லையில் ஏதோ ஒரு ஊர்ப் பெயர் போட்டிருந்தது. பூகோள வாத்தியாரான அப்பாவுக்கே அதைப் படத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டில் கோழி காணாமற்போகவில்லை, குழம்பில் உப்புக் குறையவுமில்லை. ஜெபம் மட்டும் நடந்தது. ஆனால் எப்போதாவது, நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது, அப்பா மெதுவாகக் கேட்பார்.

"போறப்ப ஒங்கிட்ட என்னம்மா சொன்னான்?"

"பட்டாளத்துக்குப் போறேன், ஏழு மணிக்கு ரயிலு, அப்பாட்ட சொல்லிராதன்னு சொன்னான்."

"எனக்குன்னு வேற எதும் சொல்லலையா?"

"இல்லப்பா."

சரி என்று தலையாட்டுவார். ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதையே கேட்பார். நான் பொய் சொல்லாமல் இருக்கிறேனா என்று சோதிக்கிறார், இதுவும் அவருடைய பாடங்களில் ஒன்று என்றே நம்பினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே ஒப்பித்தேன். சோதனையில் தேறிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.