தேன்சிட்டா, மீன்கொத்தியா

தருமபுரியில் வீடியோ கடை வைத்திருந்த அப்துல் சுபானுக்கு, டிவியில் பெங்களூரிலிருந்து வரும் கன்னட வினாடி வினா என்றால் உயிர். 1984இல் ஒருநாள், பின்னோக்கிப் பறக்கும் பறவை எது என்று கடைசிக் கேள்வி கேட்டதும் கரண்ட் போய்விட்டது. எதிர்க்கடைத் தையல்காரர் மாயவன் மீன்கொத்தி என்றார். சுபான் தேன்சிட்டு என்றார். ஐந்து வருடமாக அதே வழக்கு.

அன்றைக்குப் பதிவு செய்த கேசட், பழைய கல்யாணக் கேசட்டுகளுக்கு அடியிலிருந்து இன்று அகப்பட்டது.

"வாங்க மாயவன், இன்னிக்குத் தெரிஞ்சி போயிடுமுங்க."

கேசட்டைப் போட்டார். கேள்வி கேட்கும் அதே மல்லிகைச்சரப் பெண், பதில் சொல்லும் அதே சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், அதே கேள்வி. சட்டென்று திரை முழுக்கப் புள்ளி பறந்தது. பதிவு செய்த பெட்டியும் அதே கரண்டில்தான் ஓடியது என்பது சுபானுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மீன்கொத்திதாங்க," என்றார் மாயவன்.

சுபான் கேசட்டை முதலிலிருந்து சுற்றவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதெப்படிங்க? தேன்சிட்டுதான்."