லண்டனுக்குப் பதிலாக மதுரை, சின்ன ஊருக்குப் பதிலாக ஒரு டீக்கடை

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில் என் மகள் வசந்திக்கு மேல்படிப்புக்காக இங்கிலாந்தில் இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று லண்டனில், மற்றொன்று மேற்கே ஏதோ ஒரு சின்ன ஊரில். அப்போது நான் தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸ் அட்லஸை விரித்து, பூதக்கண்ணாடி வைத்து அந்தச் சின்ன ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன். "கடலோர ஊருய்யா, கங்காரு எல்லாம் இருக்கும்" என்று சொல்லி எல்லோருக்கும் லட்டும் கொடுத்தேன். சாயங்காலம் அங்கே வந்த வசந்தி எட்டிப் பார்த்தாள். "அப்பா, நீங்க விரல் வச்சிருக்கிறது ஆஸ்திரேலியா." அதே பெயரில் அங்கேயும் ஓர் ஊர் இருந்திருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதியவனுக்கு இது சகஜம். தின்ற லட்டை யாரும் திருப்பித் தரவில்லை என்பதுதான் வருத்தம்.

சர்க்கார் உதவித்தொகையில் போகிறாள், எந்த ஊர் என்றாலும் அதே பணம்தான். பத்து நாளுக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் எழுத வேண்டும். எனக்குச் சின்ன ஊர்தான் பிடித்தது. "சின்ன ஊருன்னா நாலு பேரு விசாரிப்பாக தாயி. பெரிய ஊர்ல விழுந்து கெடந்தாலும் தாண்டிப் போயிருவான்" என்றேன்.

"பாக்காம எப்பிடிப்பா முடிவு பண்றது?" என்றாள்.

சீமையைப் பார்த்து வர நம்மிடம் வழி ஏது? அப்போது உதித்ததுதான் இந்த ஒரு நாள் பயணம். காலையில் மதுரையில் சுற்றி அதை லண்டன் என்று வைத்துக்கொள்வது. மத்தியானம் யாரையும் தெரியாத ஒரு சின்ன டவுனுக்குப் போய் அதை மற்ற ஊர் என்று வைத்துக்கொள்வது. இரண்டு இடத்திலும் அவள் புதுசாக வந்தவளைப் போலத் தனியாக நடக்க வேண்டும். நான் யாரோ போலப் பின்னால் வருவேன்.

"மதுரை லண்டனாப்பா?"

"ரெண்டுலயும் ஆறு ஓடுதுல்ல?"

"நம்ம ஆத்துல மணலுல்ல ஓடுது" என்று சிரித்தாள்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. திருநகரில் காலை ஏழு மணிக்கு டவுன் பஸ் ஏறினோம். எட்டு கிலோமீட்டர், அரை மணி நேரம், ஆளுக்கு அறுபது பைசா. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் அவள் முன்னால் போக, நான் பத்தடி பின்னால் போனேன். ஒருவரிடம் வழி கேட்டாள். அவர் முகத்தைப் பார்க்காமலே கையை மட்டும் நீட்டினார். கூட்டத்தில் யாரோ காலை மிதித்தார்கள். பிறகு ஒரு ஓட்டலுக்குள் போய், முன்பின் தெரியாத ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். சர்வர் கேட்டது "என்ன வேணும்?" ஒன்றுதான். எதிரே இருந்தவர் சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் தோசையில் மூழ்கிவிட்டார்.

வெளியே வந்ததும், "பாத்தியா? ஒருத்தன் ஏன் என்னான்னு கேட்டானா?" என்றேன்.

"ஆமாப்பா. ஒருத்தர்கூடக் கேக்கல" என்றாள். நான் சொன்னதையே அவளும் சொல்கிறாள், என் கட்சி ஜெயிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு அடுத்த பஸ். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், ஆளுக்கு இரண்டேகால் ரூபாய். "எங்கண்ணே, கல்யாணமா?" என்று கண்டக்டர் கேட்டார். "லண்டனப் பாத்தாச்சு தம்பி, அடுத்த ஊரப் பாக்கப் போறோம்" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வேகமாக முன்பக்கம் போய்விட்டார். வழியெல்லாம் பருத்திக் காடு, வற்றிய கண்மாய், அதற்குள் மேயும் ஆடுகள்.

அந்த டவுனின் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களும் இதைப் படிக்கக்கூடும். பஸ் நிற்கும் இடத்திலேயே ஒரு டீக்கடை. யாரோ போலப் பின்னால் வரும் என் திட்டமெல்லாம் அங்கே பலிக்கவில்லை. பார்த்தவுடனே அப்பனும் மகளும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. பிள்ள மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. மொதல்ல தண்ணியக் குடி தாயி" என்றார் கடைக்காரர். பெஞ்சில் இருந்த பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். வசந்தி சீமைக்குப் படிக்கப் போகிறாள் என்றதும், "அம்புட்டுத் தூரமா!" என்று கடையே கூடிவிட்டது. கண்ணாடி டம்ளரில் நுரை ததும்ப டீ வந்தது. நான் பரீட்சையில் பாஸானவன் போல வசந்தியைப் பார்த்தேன். பார்த்தாயா, விசாரிப்பு என்றால் இதுதான்.

"எந்த ஊருண்ணே?"

"திருநகர்."

"அது இப்பக் குடியிருக்கிறது. பூர்வீகம்?"

சொன்னேன்.

"அட, நம்ம பக்கந்தான். அங்கன எந்தத் தெரு?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்டதாக அர்த்தம். என் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். எங்கள் வீடுகள் ஊருக்கு வெளியே இருந்தன. இந்தக் கேள்விக்கென்றே நான் பல பதில்கள் வைத்திருந்தேன். "பஸ் ஸ்டாண்டுத் தெருண்ணே, பஸ் வந்தா ஏறிருவோம்" என்பது ஒன்று. சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அன்றும் அதற்குத்தான் வாயைத் திறந்தேன். வசந்தி முந்திக்கொண்டாள்.

"காலனிங்க. கம்மாய்க்கு அந்தப் பக்கம்."

யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பெஞ்சிலிருந்த பெரியவருக்கு ஏதோ வேலை ஞாபகம் வந்தது, எழுந்து போனார். கூடியவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைக்காரர் அடுப்பைக் கிளறிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வச்சிட்டுப் போப்பா."

'அண்ணே' போய்விட்டது. என்னைவிடப் பத்து வயது சின்னவர் அவர்.

இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். வசந்தி தன் டம்ளருக்குக் கையை நீட்டினாள். "நீ விடு தாயி" என்றேன். இரண்டையும் தேய்த்துக் கழுவினேன். இந்த மாதிரி நேரத்துக்கு ஏதாவது ஒரு வேடிக்கை எனக்கு எப்போதும் வாயில் வரும். அன்று தேடிப் பார்த்தேன், வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில், "லண்டனுக்கே எழுதிப் போட்டுர்றேன்பா" என்றாள்.

"அது வெள்ளக்காரன் ஊரு தாயி. அங்க சின்ன ஊர்ல இருக்கவனுக்கு நம்ம தெரு எங்கிட்டுத் தெரியப் போகுது?"

"தெரியாதுப்பா. வேற எதையாச்சும் கேப்பாக. நல்ல மனசோடதான் கேப்பாக. ஆனா கொஞ்ச காலம் யாருக்கும் எதுக்கும் பதில் சொல்லாம இருந்து பாக்கணும்னு இருக்கு."

நான் சொன்ன 'பஸ் ஸ்டாண்டுத் தெரு' வேடிக்கைகளையெல்லாம் சின்ன வயதிலிருந்து என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். மற்றவர்கள் சிரித்தபோது அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. இது அந்தப் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சின்ன ஊரில் வாடகை குறைவு, வகுப்புக்கு நடந்தே போகலாம். பெரிய ஊரில் பாதிப் பொழுது ரயிலில் போய்விடும். வசந்திக்கு முதல் குளிர்காலத்தில் நாலு நாள் காய்ச்சல், அறைக் கதவைத் தட்டிக் கேட்க ஒருவரும் இல்லை. பல வருஷம் கழித்துத்தான் அதைச் சொன்னாள். ஆக நான் பயந்ததும் பொய்யில்லை. இருந்தாலும் நம் பயத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறாய் என்று பிள்ளையிடம் ஒரு தடவை கேளுங்கள். என்னைப் போல ஒத்திகைப் பயணம் போவதானால், தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் மதுரை ஜங்ஷனில் அவளை மெட்ராஸ் ரயில் ஏற்றினோம். நம் பக்கத்தில் வெறுமனே 'போ' என்று யாரும் சொல்வதில்லை, அது அபசகுனம். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்து, "நல்லபடியாப் போயிட்டு வா" என்றார்கள். என் முறை வந்தது. "போயிட்டு வாரேன்பா" என்றாள். நானும் எல்லோரையும் போல, "போயிட்டு வா தாயி" என்றேன். ரயில் நகர்ந்தது. ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்தேன், பிறகு பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

வந்துறாத தாயி, அங்கேயே இருந்துக்க. அதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.