முன்னங்கால் எலும்பில் ஓர் ஓட்டை

புலியோ சிறுத்தையோ காட்டுப்பூனையோ, பூனைக் குடும்பம் என்றால் முன்னங்காலின் மேலெலும்பில், முட்டிக்குச் சற்று மேலே, உள்பக்க ஓரமாக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். நரம்பும் ரத்தக்குழாயும் போகிற வழி அது. நாய்க்கு ஓட்டை நட்டநடுவில். இருபது வருடமாகக் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்குக் கொஞ்சம் திமிரே வந்திருந்தது.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது அந்த மேலெலும்பு ஒன்று வந்தது. சிறுத்தை நடமாடும் பகுதி. யாரோ போன் பண்ண, வனத்துறைக்காரர்கள் தோட்டக்கார அம்மாவை ஜீப்பில் கூட்டிவந்து அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சிறுத்தையைக் கொன்று புதைத்ததாக முடிவானால் ஜெயில்தான். எலும்பைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

மண் அப்பிக் கிடந்ததை வாங்கித் திருப்பினேன். ஓரத்தில் ஓட்டை. "பூனை ஜாதிதான். அளவைப் பாத்தா சிறுத்தை" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இல்லீங்க டாக்டரு, அது எங்கூட்டு நாயிங்க. செத்ததும் நாந்தானுங்க தென்னைக்கடியில போட்டு மூடுனேன்" என்றார் அந்த அம்மா.

செத்த நாயைத் தென்னைக்கு உரமாகப் புதைப்பது இங்கே வழக்கம்தான். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நாய்க்கு இந்த எடத்துல ஓட்டை இருக்காதுங்கம்மா" என்றேன்.

அறிக்கைக்கு அளவெடுக்க வேண்டியிருந்ததால், எலும்பைக் குழாயடியில் கழுவினேன். நட்டநடுவிலிருந்து ஒரு களிமண் கட்டி பொத்தென்று விழுந்தது. அந்த வழியாக வெளிச்சம் தெரிந்தது. ஓரத்து ஓட்டையைத் தடவினேன். விளிம்பு பிசிறு பிசிறாக இருந்தது. கடப்பாரை குத்திய ஓட்டை. கழுவாத எலும்பைப் பார்த்து வாயைத் திறக்காதே என்று முதலாண்டு மாணவர்களைத் திட்டுகிறவன் நான். வெட்கத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. கழுவாமலே எழுதிக் கொடுத்திருந்தால் இந்த அம்மா கதி என்ன?

உள்ளே போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். "நாய்தானுங்க. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்கம்மா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். அவரோ என் கையிலிருந்த எலும்பையே பார்த்தார்.

"ஏனுங்க, உங்க வேலை முடிஞ்சுதுங்களா? முடிஞ்சா அதைக் குடுத்துப்போடுங்க. பன்னண்டு வருசம் எங்கூடவே கெடந்த சீவனுங்க. எடுத்த எடத்துலயே வெச்சுப்போடறேன்."

இரண்டு கையாலும் கொடுத்தேன். ஈரம் சொட்டிய எலும்பைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அவர் மடியில் வைத்துக்கொண்டார்.