அக்னி மூலையில் கடல்

என் மாமனாருக்குத் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலை. நான் தூத்துக்குடியில் பிறந்து, பள்ளியில் புவியியல் நடத்திக்கொண்டே அந்த வீட்டுக்கு மருமகளாய்ப் போனவள். புவியியலை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. அவருக்கு எல்லாமே வாஸ்துதான்.

அந்தச் சித்திரையில் வடநாட்டு மொத்த வியாபாரி ஒருவர், புது வெடிகளைப் பார்த்துத் தீபாவளி ஆர்டர் கொடுக்க வந்தார். “இந்த ஆர்டர் வரலைன்னா பாதி ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்” என்று புலம்பிய மாமனாருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் ஆலைக்கு வெளியே பொட்டலில் வெடித்துக் காட்ட ஏற்பாடு. பொட்டலுக்கும் வாஸ்து பார்த்தார். நெருப்புக்கு அக்னி மூலை, அதாவது தென்கிழக்கு. விருந்தாளிக்கு எதிர்க்கோடியில் வாயு மூலை, வடமேற்கு. அங்கே நாற்காலி போட்டாயிற்று.

“மாமா, பொழுது சாய கடல்காத்து தென்கிழக்கேயிருந்து வரும். புகை பூராம் அவுக மூஞ்சிலதான் அடிக்கும்,” என்றேன்.

“நம்மூர்ல காத்துன்னா மேக்கத்திக் காத்துதாம்மா.”

அது ஆடிக் காற்று, மழையைக் கேரளாவில் இறக்கிவிட்டு லோடு இல்லாத லாரி மாதிரி மலை தாண்டி வருவது என்றேன். இது வேறு. பகலெல்லாம் தரை கொதிக்கிறது. அதன் மேலுள்ள காற்று சூடாகி எழும்புகிறது. அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று கிளம்பி, இங்கே வந்துசேரச் சாயங்காலமாகிவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாவது கொட்டாவியை மறைப்பார்கள். மாமனார் மறைக்கவில்லை.

முதல் வெடிக்குத் திரி கொளுத்தினார்கள். காற்று பாடப்புத்தகத்தில் உள்ளபடியே வந்தது. புகை நேராக வாயு மூலைக்குப் போனது. வியாபாரியைக் காணவில்லை, இருமல் மட்டும் கேட்டது. வானத்தில் விரிந்த பூவையெல்லாம் நாங்கள்தான் பார்த்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே கார் ஏறியவர், ஆர்டரை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வாஸ்துக்காரர் வந்து, திசைகாட்டியை வைத்துப் பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடித்தார். அக்னி மூலையில் தண்ணீர் இருக்கவே கூடாதாம். இங்கே கடலே இருக்கிறதாம்.

பாதி ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மாமனார், என்னைக் கூப்பிட்டார்.

“நீ சொன்னது சரிதாம்மா. காத்து கடல்ல இருந்துதான் வருது.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என் படிப்பை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“ஒங்க ஊர்க் கடலுதானம்மா என் ஆர்டரைக் கெடுத்திருச்சு,” என்றார்.